பாசடீனா: ரோஜா ஊர்வலமும் ஓடைப் பள்ளத்து மைதானமும்

புத்தாண்டுக்கு மறுநாள் காலை, பாசடீனாவில் ரோஜா ஊர்வலத்தின் அலங்கார ஊர்திகளைப் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தியிருந்த தெருவில், ஓர் ஊர்தியின் பக்கவாட்டை மிக அருகில் சென்று பார்த்தேன். தூரத்திலிருந்து கறுப்பு வண்ணம் பூசியது போலத் தெரிந்த இடமெல்லாம் வெங்காய விதை. ஒவ்வொரு ரோஜாவின் காம்பும் விரல் நீளத் தண்ணீர்க் குப்பிக்குள் செருகப்பட்டிருந்தது. கண்ணில் படும் பரப்பு முழுவதையும் பூ, இலை, விதை, பட்டை என்று இயற்கைப் பொருள்களாலேயே மூட வேண்டும் என்பது இந்த ஊர்வலத்தின் விதி.

லாஸ் ஏஞ்சலிசுக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் உள்ள இந்த ஊர், இண்டியானா மாநிலத்துக் குளிருக்குத் தப்பி வந்தவர்கள் 1874இல் அமைத்த குடியேற்றத்திலிருந்து வளர்ந்தது. கிழக்கே பனி கொட்டும் காலத்தில் தங்கள் தோட்டங்களில் ரோஜாவும் ஆரஞ்சும் இருப்பதை உலகுக்குக் காட்ட விரும்பிய வேலி ஹன்ட் கிளப் என்ற உள்ளூர்ச் சங்கத்தின் உறுப்பினர்கள், 1890 ஜனவரி 1 அன்று குதிரை வண்டிகளைப் பூவால் அலங்கரித்து ஊர்வலம் விட்டார்கள்.

அந்த விழாவின் செலவுக்குப் பணம் திரட்டவே 1902இல் அமெரிக்கக் கால்பந்து சேர்க்கப்பட்டது. பல்கலைக்கழக அணிகள் மோதின: மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருந்தபோதே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று விலகிக்கொண்டது. இத்தனை ஒருதலையான ஆட்டத்தைக் கண்ட அமைப்பாளர்கள் கால்பந்தைக் கைவிட்டு, சில ஆண்டுகள் ரோமானியப் பாணியில் தேர்ப் பந்தயம்கூட நடத்தினார்கள். 1916இல்தான் கால்பந்து திரும்ப வந்தது. அன்று வாஷிங்டன் ஸ்டேட்டிடம் 14-0 என்று தோற்ற பிரவுன் அணியில் ஆடிய ஃபிரிட்ஸ் பொல்லார்டு, இந்தப் போட்டியில் இறங்கிய முதல் கறுப்பின வீரர்.

கூட்டம் பெருகிப் பழைய மைதானம் போதாமல் போனதால், மைரன் ஹன்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, அரோயோ செக்கோ என்ற வறண்ட ஓடைப் பள்ளத்தில் 1922இல் புதிய மைதானம் எழுந்தது. சுற்றிக் காட்டும் குழுவோடு நான் உள்ளே போனபோது முதலில் வியந்தது அதன் ஆழத்தைக் கண்டுதான். வெளியிலிருந்து பார்த்தால் தாழ்வான மதில் போலத் தெரிகிறது. சுரங்கப் பாதை போன்ற வழியைக் கடந்ததும் புல்தரை வெகு கீழே கிடக்கிறது. தொடக்கத்தில் லாட வடிவில் தெற்குப் பக்கம் திறந்திருந்த மைதானத்தை 1928இல் மூடி முழுக் கிண்ணமாக்கினார்கள். காலால் உதைத்து ஆடும் வழக்கமான கால்பந்தின் 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜ்ஜியோ பெனால்டியைக் கோலுக்கு மேலே அடித்ததும் இதே இடத்தில்தான்.

யேல் பல்கலைக்கழகத்தின் கிண்ண வடிவ மைதானத்தைப் பின்பற்றி வைத்த ‘ரோஸ் பவுல்’ (ரோஜாக் கிண்ணம்) என்ற பெயர், மைதானத்திலிருந்து போட்டிக்குத் தாவியது. பிறகு 1930களில் மற்ற ஊர்களும் ஆரஞ்சு பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல் என்று தொடங்கின. கூரை போட்ட அரங்கில் ஆடினாலும் இன்று அது ‘பவுல்’ தான். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவதை அரசு விரும்பாததால், 1942 ஆட்டம் வட கரோலினாவின் டர்ஹாமுக்குப் போனது. அங்கே ஒரிகன் ஸ்டேட் 20-16 என்று டியூக்கை வென்றது.

மைதானத்தை ஒட்டிய புரூக்சைடு பூங்காவில் நான் அதிக நேரம் நின்றேன். அங்கிருந்த நகராட்சி நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதித்தார்கள். பின்னாளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. உலகத்தையே விருந்துக்கு அழைத்த ஊர் தன் பிள்ளைகளையே குளக்கரையில் நிறுத்தியது எனக்கு ஆறவில்லை. கால்பந்துச் சீருடையில் அவருடைய சிலை 2017இல்தான் மைதானத்தின் வெளியே வந்தது.

மாலையில் நகரமன்றத்துக்கு எதிரே போனேன். ஜாக்கிக்கும் அவருடைய அண்ணன் மேக்குக்கும் ஆளுயரத்தை மிஞ்சிய இரண்டு வெண்கலத் தலைகளை 1997இல் அங்கே நிறுவியிருக்கிறார்கள். மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்று, ஊர் திரும்பி இதே தெருக்களைக் கூட்டியவர். ஜாக்கியின் முகம் தான் பேஸ்பால் ஆடிய நியூயார்க்கின் புரூக்ளின் இருக்கும் கிழக்குத் திசையை நோக்கியிருக்கிறது. மேக்கின் முகம் நகரமன்றத்தை நேராகப் பார்க்கிறது.