தட்டைப்பயறு வேரில் இடம் பிடிக்கும் சண்டை: நாலு தொட்டி, ஒரு குக்கர்

ரைசோபியம் (பயறு வேரில் முடிச்சு வைத்து, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா) பாக்கெட்டை வாங்கி விதையில் புரட்டி நட்டால் வேர்முடிச்சு கொத்துக் கொத்தாக வரும் என்று நம்பித்தான் மூன்று வருடமாக மாடியில் தட்டைப்பயறு போட்டு வந்தேன். போன தடவை பாக்கெட் தீர்ந்துபோய் ஒரு தொட்டியில் வெறும் விதையை ஊன்றினேன், அதைப் பிடுங்கிப் பார்த்தால் அதிலும் அதே அளவு முடிச்சு. அப்படியானால் நான் காசு கொடுத்து அனுப்பிய பாக்டீரியா மண்ணுக்குள் போய் என்னதான் செய்தது?

இதைச் சோதித்துப் பார்த்த முதல் சுற்று வீண், என் தப்புதான். மண்புழு உரத்தை அள்ளிப் போட்டுவிட்டேன், செடி கருகருவென்று வளர்ந்தது, வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு முடிச்சு. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் பயறுச்செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் உரம் போடும்போது கை நிற்பதில்லை.

இரண்டாவது சுற்றில் உரமே இல்லை. முன்பு பயறு விளைந்த பழைய தொட்டி மண்ணும் மணலும் பாதிப் பாதி. அதில் ஒரு பங்கைத் துணியில் கட்டி, வீட்டில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய குக்கரில் முக்கால் மணி நேரம், அடுத்தடுத்து மூன்று நாள் வேக வைத்தேன். ஏன் மூன்று நாள் என்றால், முதல் நாள் சூட்டுக்குத் தப்பிய நுண்ணுயிர் வித்துகள் மறுநாளைக்குள் முளைத்துவிடும், முளைத்த பிறகு வேக வைத்தால் செத்துவிடும். வெந்த மண்ணின் நாற்றம் சமையலறையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. அந்தக் குக்கரை இனி உள்ளே கொண்டு வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆக நாலு தொட்டி: வெந்த மண் இரண்டு, பச்சை மண் இரண்டு. இரண்டிலும் ஒவ்வொன்றுக்கு மட்டும் அரிசிக் கஞ்சியில் குழைத்த ரைசோபியம் தடவி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்திய விதை. இந்தப் பாக்கெட் கடையில் வெயில் விழும் அலமாரியில் கிடந்தது, கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டிய சரக்கு, அதில் எத்தனை மிச்சமோ என்று எனக்குச் சந்தேகம். வெந்த மண்ணில் முடிச்சு வந்தால் பாக்கெட்டில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் பத்து நாள் வெந்த மண் செடிகள் வெளிறிச் சுணங்கின. மண்ணை இப்படிச் சூடாக்கினால் மாங்கனீசு அதிகமாகக் கரைந்து வெளியே வரும், அதனால் இருக்கலாம். அப்புறம் தேறிவிட்டன.

38-ஆம் நாள் தொட்டியோடு வாளித் தண்ணீரில் ஊற வைத்து, மண்ணைக் கரைத்துவிட்டு வேரை எடுத்தேன். வெறுமனே இழுத்தால் பாதி முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வெந்த மண்ணில் பாக்கெட் போட்ட செடிக்கு 43 முடிச்சு, பெரும்பாலும் தண்டுக்குக் கீழே ஆணிவேரின் கழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, சில மிளகு அளவு. பிளேடால் ஒன்றை நறுக்கினேன், உள்ளே பச்சை மாமிசம் மாதிரி சிவப்பு, லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம். நைட்ரஜன் வேலை நடக்கிறது. பாக்கெட் போடாத வெந்த மண்ணில் மூன்றே மூன்று. அவை காற்றுத் தூசியில் வந்தனவா என் தண்ணீர்க் குவளையில் வந்தனவா தெரியாது.

பச்சை மண்ணில்தான் கதை. பாக்கெட் போட்டதில் 34, போடாததில் 31. இரண்டிலும் முடிச்சுகள் பக்க வேர்களில் சிதறிக் கிடந்தன, பாக்கெட் போட்டதில் மட்டும் கழுத்தருகே ஆறேழு. எது யாருடைய முடிச்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் விதையில் ஒட்டிய பாக்டீரியா மண்ணில் அதிக தூரம் நகராது, வேர் கீழே இறங்க இறங்க அங்கே முன்பே குடியிருப்பவைதான் எதிர்ப்படும். வேர் கசியும் ஃபிளவனாய்டு என்ற வேதிச் சைகைக்கு முதலில் பதில் கொடுப்பவர்களுக்கே இடம், தேவையான அளவு முடிச்சு வைத்ததும் செடி கதவைச் சாத்திவிடும். ஊட்டமான திரவத்தில் தொட்டியில் வளர்ந்து பாக்கெட்டுக்கு வந்த பாக்டீரியா, மாடி வெயிலிலும் பட்டினியிலும் பாக்டீரியாவைத் தின்னும் புரோட்டோசோவா வாயிலும் தப்பிப் பழகிய உள்ளூர்க்காரர்களோடு எப்படிப் போட்டி போடும்? வெந்த மண்ணில் அதற்குக் கிடைத்த 43, ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

உள்ளூர்க்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமும் செய்வார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கு (தாமரை இல்லை, பயறுக் குடும்பம்) முடிச்சு வைக்கும் பாக்டீரியா மண்ணிலேயே இல்லாத ஒரு இடத்தில், வெளியிலிருந்து ஒரே ஒரு ரகத்தைத் தடவி விதைத்தார்கள். ஏழு வருடம் கழித்து முடிச்சுகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே பல ரகங்கள், அதில் முக்கால்வாசிக்கு மேல் விதைத்த ரகமே இல்லை. முடிச்சு வைக்கத் தெரியாத உள்ளூர் பாக்டீரியாக்கள், வந்தவனிடமிருந்து அதற்கான மரபணுத் தொகுதியை அப்படியே வாங்கித் தங்கள் குரோமோசோமில் செருகிக்கொண்டிருந்தன, கிட்டத்தட்ட 5 லட்சம் டி.என்.ஏ எழுத்து நீளம். சல்லிவனும் ரான்சனும் அவர்கள் கூட்டாளிகளும் 1995-இல் வெளியிட்ட வேலை இது, அந்த நீளம் மட்டும் 1998-இல் வந்த அடுத்த கட்டுரையில். இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, என் தொட்டியில் யார் யாரிடம் என்ன வாங்கினார்களோ என்று.

இப்போது மூன்றாவது சுற்று. பாக்கெட் போடாத பச்சை மண் செடியிலிருந்து நன்றாகச் சிவந்த ஐந்து முடிச்சைக் கழுவி, நசுக்கி, கஞ்சியில் கலந்து, அதே மாதிரி வேக வைத்த மண்ணில் பாக்கெட் விதைக்குப் பக்கத்துத் தொட்டியில் போட்டிருக்கிறேன். எதிராளி இல்லாத இடத்தில் யார் செடியை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று பார்க்க. சண்டையில் ஜெயிக்கிற ரகம் நைட்ரஜனையும் நன்றாகக் கொடுக்கும் என்று ஒரு கட்டாயமும் இல்லையே.

இன்றைக்கு 19-ஆம் நாள். பாக்கெட் தொட்டி இலை கொஞ்சம் கூடுதல் பச்சையாகத் தெரிகிறது. குக்கரில் அடுத்த சுற்று மண் ஆறிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை மாடியிலேயே, விறகடுப்பில்.