வீடு கொடுத்தாச்சு, வேலைக்கு எப்படிப் போறது?

"அதான் பெரும்பாக்கத்துல வீடு கொடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" சென்னையில் கூவம் ஆற்றங்கரை வீடுகளை இடிக்கிற செய்தி வந்தாலே யாராவது இப்படி எழுதிவிடுகிறார்கள்.

2019 டிசம்பர். தீவுத்திடல் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகர். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் இடிக்க ஆரம்பித்தார்கள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பாம். (ஆற்றை ஒட்டி நிற்கிற பெரிய கட்டடங்கள் மட்டும் யார் கண்ணிலும் படாது.) அந்தக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். எட்டு அடுக்குக் கட்டடம். லிப்ட் நின்றால் குடத்தோடு படியேற வேண்டும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா காலை ஆறு மணிக்கு எழும்பூரில் நிற்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்? பஸ்ஸிலேயே பாதி நாள் போனால் அந்த வேலை எதுக்கு?

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொன்னது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கு. இருப்பிடத்தைப் பிடுங்கினால் பிழைப்பு போகும். பிழைப்புக்கான உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்ததும் அகற்றலாம் என்றும் விட்டுவிட்டது. உரிமை ஏட்டில், புல்டோசர் தெருவில்.

இந்த வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான். கூவம் கரையில் இருக்கிற சிந்தாதிரிப்பேட்டைக்காரருக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வீடு கட்ட இடம் தேடினார்களா என்றுதான் கேட்கிறேன்.