அரைகுறைக் கொப்பி

மருத்துவ எம்.டி. என்ற நிபுணர் பயிற்சிக்கான தெரிவுப் பரீட்சையில் நான் இரண்டாம் தடவைதான் தேறினேன். முதல் தடவை தோற்றபோது, "படிக்க நேரம் கிடைக்கல்ல" என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் நம்பினார்கள். நண்பர்கள் நம்பியதுபோல் தலையாட்டினார்கள். நேரம் கிடைக்காதது உண்மைதான். ஆனால் கிடைத்த நேரத்தில் நான் செய்த வேலையைப் பார்த்தால், இன்னும் ஆறு மாதம் தந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பேன்.

வைத்தியத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்து, அதற்குமேல் ஒரு வருடம் சேவையும் செய்த பிறகுதான் இந்தச் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம். நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980 இல் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகம். எங்கள் வாயில் அது பீ.ஜி.ஐ.எம்தான். இந்தச் சோதனையில் தேறிய உடனே யாரும் நிபுணர் ஆகிவிடுவதில்லை. ரெஜிஸ்ட்ரார் பயிற்சி, எம்.டி. சோதனை, சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி என்று வருடக்கணக்கில் இழுக்கும். இது படலையைத் திறப்பது மட்டும்தான். எல்லாம் ஆங்கிலத்தில்.

உள்ளகப் பயிற்சியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் செய்தேன். அப்புறம் கிடைத்தது படுவான்கரையில் ஒரு சின்ன வைத்தியசாலை. கல்லடியிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வயல் வெளிக்குள் போகவேண்டும். காலையில் வெளிநோயாளர் வரிசை நூறைத் தாண்டிவிடும். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மகளைத் தூங்கவைத்து, கொப்பியைத் திறக்கும்போது ஒன்பதரை ஆகியிருக்கும்.

முதல் தடவை நான் நம்பியது வெளிநாட்டுக் கேள்வி வங்கி ஒன்றை. மூன்று பேர் காசு போட்டு ஒரு கணக்கு எடுத்தோம். பிரித்தானிய எம்.ஆர்.சி.பி. சோதனைக்காகச் செய்தது அது. ஸ்கொட்லாந்துக் காட்டில் நடக்கப் போய் உண்ணி கடித்தவர், கோதுமை ஒத்துக்கொள்ளாத இளம்பெண் என்று வரிசையாக வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் விடையை அமத்தினால் பச்சை அல்லது சிவப்பு. மேலே வீதம் ஏறிக்கொண்டே போகும். 2,000 கேள்வி முடித்தபோது 74 வீதம் காட்டியது. அந்த இலக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஐந்தில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் மூன்றைத் தள்ளிவிட்டு, மிச்சம் இரண்டில் வாடிக்கையானதைத் தொட்டுவிடலாம். எங்கள் சோதனையில் சரி-பிழை வகையும் இருக்கிறது. ஒரு தலைப்பின் கீழ் ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தீர்ப்புச் சொல்லவேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு உதவாது. அரைகுறையாகத் தெரிந்ததெல்லாம் அங்கே தெரியாததாகிவிடும்.

லீவு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேலிடத்தில் என் லீவுக் கடிதம் மூன்று கிழமை மேசையில் கிடந்தது. சோதனைக்கு முதல்நாள் மத்தியானம்தான் கையெழுத்து விழுந்தது. இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒவ்வொரு ஊரையும் கண் திறந்தபடியே கடந்து, விடியக் கொழும்பில் இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு போய் எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் பெறுபேறு வந்தபோது, இரண்டு நாள் தூங்கிவிட்டு எழுதியிருந்தாலும் இந்தப் புள்ளிதான் வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு நாள், பின்னேரம் ஐந்து மணி இருக்கும், வயலில் பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு ஷொப்பிங் பையில் அடித்த பாம்பும் வந்தது. கண்ணாடி விரியன். அதன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது. பாம்பைப் பார்த்துவிட்டாலும் இரத்தம் உறைகிறதா என்று பார்த்தாகவேண்டும். கடித்த பாம்பு எல்லா நேரமும் உடம்பில் விஷத்தை இறக்கியிருக்காது. ஒரு கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்கவேண்டும். அவ்வளவுதான் சோதனை. தாதி மிஸ் ஒரு குழாயை எடுத்துத் தந்தார். அது பிளாஸ்டிக். "கண்ணாடிதான் வேணும் மிஸ்" என்றேன். "ஏன் டொக்டர், ரெண்டும் ஒண்டுதானே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணாடி என்று தெரியும், ஏன் என்று தெரியாது. வேறு குழாய் தேடி எடுத்து, இரத்தத்தை விட்டு, போனில் நேரம் வைத்துவிட்டு நின்றேன். அந்த ஐயாவின் மனைவி என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தம்பி, ரெத்தத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஊசியப் போடுங்களன்." 20 நிமிடம் முடிந்து குழாயைச் சரித்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கி, அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினோம். அவர் பிழைத்தார். ஒரு மாதம் கழித்து ஒரு பை முருங்கைக்காயோடு வந்து காட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு கேள்வி வங்கியைத் திறக்கவில்லை. மகளின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, பின்பக்கத்திலிருந்து எழுதினேன். கண்ணாடியின் மேற்பரப்புத்தான் இரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் அது நடக்காது, ஆகவே நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான். அடுத்ததாக இன்னொன்று. விஷமுறிவு மருந்துக்கு முன் ஒவ்வாமை வராமலிருக்க நான் பழக்கத்தில் ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் கொடுத்து வந்தேன். எடுத்துப் பார்த்தால், 2011 இல் வெளியான, எங்கள் நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று, தோலுக்குக் கீழே போடும் சிறிய அளவு அட்ரினலின்தான் கடுமையான எதிர்விளைவைக் குறைக்கிறது, மற்ற இரண்டாலும் பயனில்லை என்று காட்டியிருக்கிறது. ஸ்கொட்லாந்து உண்ணியைப் பற்றிப் பத்துக் கேள்விக்கு விடை சொன்னவனுக்கு இது தெரியாது.

கொப்பியின் அட்டையில் 'அரைகுறை' என்று எழுதிவைத்தேன். அதற்கு ஒரே சட்டம். தெரியாததை எழுதக்கூடாது, ஏனென்றால் தெரியாததற்கு முடிவில்லை. தெரியும் என்று நினைத்து யாராவது 'ஏன்' என்று கேட்டபோது வாயடைத்துப் போனதை மட்டும் எழுதவேண்டும். கிழமைக்கு மூன்று நான்கு சேர்ந்தன. டெங்கு வந்தது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டத்தின் 48 மணித்தியாலத்துக்கு 50 கிலோ ஆளுக்கு 4,600 மில்லிலீற்றர் திரவம் என்று உள்ளகப் பயிற்சியிலிருக்கும் எல்லா எச்.ஓ.வும் பாட்டாகச் சொல்வான். 2,100 ஒருநாள் தேவை, 2,500 உடல் நிறையின் ஐந்து வீதம் என்று பிரித்துக் கேட்டால் நானே தடுமாறினேன். மெலியோய்டோசிஸ் வந்தது. மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, சீனி வருத்தக்காரரை விரும்பிப் பிடிக்கும், கசம் மாதிரி நடிக்கும். எங்கள் மாவட்டத்து வைத்தியருக்கு இது புதுப் பெயரில்லை. ஆனால் நாளத்தால் ஏற்றும் மருந்து குறைந்தது இரண்டு கிழமை, அதற்குமேல் மூன்று மாதம் கோட்ரைமொக்சசோல் என்பதை நான் எப்போதும் 'கொஞ்ச நாள் கூட' என்றே மனதில் வைத்திருந்தேன்.

கல்முனையில் வேலை செய்யும் பல்கலைக்கழக நண்பன் ஒருவனும் அதே சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவன், ஆகவே ஐந்து மணி என்பது அவனுக்கு விடிந்த நேரம். எனக்கு அது தண்டனை. தினமும் ஐந்திலிருந்து ஆறுவரை போனில் கூற்றுகளை மாறி மாறி வாசித்தோம். 'இருக்கலாம்' என்ற சொல் தடை. சொன்னவன் 100 ரூபா கட்டவேண்டும். முதல் மாதம் நான் 3,800 ரூபா கடனாளி. நகைச்சுவைக்காகத் தொடங்கியதுதான், ஆனால் என் மண்டைக்குள் எத்தனை 'இருக்கலாம்' குடியிருக்கிறது என்று அந்தக் கணக்குத்தான் காட்டியது. கேள்வி வங்கியைக் கைவிடவில்லை, பின்னேரத்தில் அரைமணி நேரம் வைத்தேன். கொழும்பில் நடக்கும் வகுப்புகளுக்குப் போகமுடியாததையிட்டு முன்பு நிறையப் புலம்புவேன். சூமில் சிலது கிடைத்தது, பார்த்தேன். போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கடைசி இரண்டு மாதம் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடியில் மாமி வீட்டிலிருந்தே பாடசாலைக்குப் போய்வந்தாள். வீடு அமைதியாக இருக்கட்டும் என்று அவளே சொன்னது. அந்த அமைதியில் ஒரு கிழமை நான் உருப்படியாக எதுவும் படிக்கவில்லை என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

லீவுக்கு இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். விண்ணப்பித்த அன்றே லீவுக் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிவைத்தேன். எனக்குப் பதிலாக நிற்பவருக்காகத் தீபாவளி, கிறிஸ்மஸ் இரண்டு இரவும் நான் ட்யூட்டி செய்தேன். சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக இரவு ரயிலில் போய், பொரளையில் ஒரு நண்பனின் அனெக்ஸில் தங்கினேன். புத்தகம் எதுவும் கொண்டுபோகவில்லை, அந்தக் கொப்பி மட்டும். என்ன கேட்டார்கள் என்பதை எழுதுவது முறையில்லை. வெளியே வந்தபோது, இந்தத் தடவை எது பிழைத்தது என்று எனக்கே தெரிந்திருந்தது. முதல் தடவை அதுகூடத் தெரியவில்லை.

பெறுபேறு வந்த நேரம் நான் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். படுவான்கரையில் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும், பக்கம் திறக்கவே இல்லை. கல்முனை நண்பன்தான் போன் எடுத்தான்.

"மச்சான், உண்ட நம்பர் இருக்குடா."

"உண்ட?"

"இல்ல."

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவனே வேறு கதை கதைத்துவிட்டு வைத்துவிட்டான். இரவு எடுத்தேன், பதிலில்லை. அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. தூக்கத்திலேயே எடுத்தேன்.

"மச்சான், கொப்பிய எடு. சோடியம் குறையிறதுலதான் நிண்டம்."