அரை வோல்ட் எங்கே போனது: 18350 அலுமினிய மெக், மூன்றாவது வாரம்

நேற்று ராத்திரி மீட்டரில் 3.80 வோல்ட் என்று எண் வந்து நின்றது. முதலில் 3.42இல் நின்று மூன்று வாரமாக என்னைப் படுத்தியெடுத்த அதே மோட் (மின்சிகரெட்டின் பெட்டரிக் குழாய்), அதே கொயில் (திரவத்தை ஆவியாக்குகிற கம்பிச் சுருள்), அதே பெட்டரி. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கொயில் சுற்றுவது, பஞ்சு வைப்பது எல்லாம் மெக், அதாவது சிப் இல்லாத மெக்கானிக்கல் மோட், வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி, அதற்குள் போகவில்லை. சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஒன்று வாங்கத் தேட வேண்டாம். நான் பதினேழு வருஷம் சிகரெட் பிடித்தவன், அதை விடுவதற்காகத்தான் இதற்கு வந்தேன்.

லண்டனில் இருக்கிற சின்னம்மா மகன் போன மாதம் வந்தபோது கொண்டுவந்தது. பெட்டரிகளைத் தனி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையிலேயே கொண்டுவந்தான், பெட்டிக்குள் போட விமானத்தில் விட மாட்டார்கள். 18350 பெட்டரி (18 மி.மீ. விட்டம், 35 மி.மீ. நீளம்) ஒன்று மட்டும் போகிற குட்டைக் குழாய், உடம்பு முழுக்க அலுமினியம், அடியில் பட்டன். சிப் கிடையாது, போர்டு கிடையாது, பட்டனை அமத்தினால் பெட்டரி நேராகக் கொயிலோடு சேரும். சமையல் தராசில் வெறுங்குழாய் 41 கிராம் காட்டியது. என் பழைய செம்பு 18650 மெக், பெட்டரி போடாமலே 170 கிராமுக்கு மேல். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துடையது 2.70, அளவும் பாதி என்றால் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

எனக்கு எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. ராத்திரி ஷிஃப்ட்டில் கொழுந்து வாட்டுகிற மாடிக்கும் ரோலர் இருக்கிற கீழ்த்தளத்துக்கும் பத்துப் பதினைந்து தரம் ஏறி இறங்க வேண்டும். ஃபெக்டரிக்குள் இழுக்க முடியாது, தூள் எந்த வாசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கேட் வரைக்கும் நடந்துபோய்ப் பனிக்குள் நின்றுதான் இழுப்பது. செம்பு மெக் ஜெர்சியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும், படியில் இடுப்பெலும்பில் இடிக்கும். இது பையில் கிடப்பதே தெரியவில்லை. உள்ளங்கைக்குள் மறைகிற அந்த அளவு எனக்கு அப்படியே பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் குறை தெரிந்த பிறகும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

குறை என்ன? இழுப்பில் உயிரே இல்லை. கொயில் 26 கேஜ் கந்தால் என்கிற சூடேற்றுக் கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று, 0.8 ஓம். இதே கொயில் செம்பு மெக்கில் நெஞ்சு நிறையக் கொடுக்கும். இதிலே ஆவி ஈரமாக, தயங்கித் தயங்கி வந்தது. மூன்று இழுப்பு தொடர்ந்து இழுத்தால் அடிப் பட்டன் சுட்டது.

முதலில் குளிரைத்தான் சந்தேகப்பட்டேன். என் திரவத்தில் கிளிசரின் 70 வீதம், சுத்தமான கிளிசரின் 20 பாகையில் இருப்பதை விட 10 பாகையில் இரண்டரை மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடும், விடியற்காலையில் பஞ்சு வழியாக ஏறவே சோம்பல்படும். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்து ஊற்றிப் பார்த்தேன், இழுப்பு அப்படியேதான். பெட்டரியை மாற்றினேன், அப்படியேதான். அப்புறம்தான் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் மண்டையில் உறைத்தது. வாட்டுத் தட்டு விசிறியின் ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் கறுத்துப்போனால் அந்த முனை சுடும், சுடுகிற இடத்தில்தான் வோல்ட் விழும். பட்டன் சுடுகிறது என்றால் கொயிலுக்குப் போக வேண்டியது அடியிலேயே நின்றுவிடுகிறது.

சரி, எவ்வளவு விழுகிறது? அட்டோமைசரை (கொயில் இருக்கிற மேல்பாகம்) தனியாகக் கழற்றி, தடித்த செம்புக் கம்பி வைத்துப் பெட்டரியோடு நேராகச் சேர்த்து, டெக்கில் (கொயில் உட்காருகிற தட்டு) கொயில் முனைகளைப் பிடிக்கிற இரண்டு தூணிலும் மீட்டர் முனையை வைத்தேன். நிறைய சார்ஜ் உள்ள பெட்டரியில், கொயில் எரியும்போது 3.90. அதே பெட்டரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணி மோட்டுக்குள் போட்டு அளந்தால் 3.42. கிட்டத்தட்ட அரை வோல்ட் குழாய்க்குள் காணாமல் போகிறது. வொட் கணக்கில் 19க்கும் 14.6க்கும் உள்ள வித்தியாசம். போன அரை வோல்ட்டும் நாலேகால் அம்பியரும் பெருக்கினால் இரண்டு வொட் வரும், பட்டனைச் சுட வைத்தது அதுதான்.

இனி எந்த மூட்டு என்று பிடிக்க வேண்டும், இந்த வேலை ஒரு வாரத்தைத் தின்றது. பட்டனை அமத்த ஒரு கை, மீட்டர் முனைகளுக்கு இரண்டு கை. மோட்டை மரக்கட்டையில் படுக்க வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மச்சானை உட்கார வைத்து, “மச்சான் அமத்து, இப்ப விடு, திரும்ப அமத்து” என்று சொல்லிச் சொல்லி எழுதினேன். மூன்று வினாடிக்கு மேல் அமத்தினால் பஞ்சு காய்ந்து கருகும், ஒவ்வொரு தரமும் திரவம் ஊற்ற வேண்டும். குழாயின் வெளிப்பக்கம் முனை வைத்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாமல் குதித்தது. முதல் இரண்டு நாள் மீட்டர் வயரில் பிழை என்று நினைத்து அதை மாற்றினேன். குழாயின் உள்விளிம்பில் சுரண்டி வைத்த பிறகுதான் எண் நின்றது.

கடைசியில் வந்த கணக்கு இது. மேல் மூடிக்கும் டெக்குக்கும் இடையில் 0.03. பட்டனுக்கும் அடி மூடிக்கும் இடையில் 0.04. பொசிட்டிவ் பக்கம் 0.02. அடி மூடிக்கும் குழாய்க்கும் இடையில் மட்டும் 0.39! ஒரே ஒரு மரையில்.

வெளிப்பக்கம் மீட்டர் குதித்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். அலுமினியத்துக்கு நிறம் ஏற்றுகிற அனொடைஸ் பூச்சு அலுமினிய ஒக்சைட்டுதான், அதில் கரண்ட் போகாது. மெக் செய்கிறவர்கள் மரையையும் விளிம்பையும் மறைத்துவிட்டுப் பூச்சு ஏற்ற வேண்டும், அல்லது ஏற்றிய பிறகு மரை வெட்ட வேண்டும். இதைச் செய்தவர்கள் அடி மூடியை மரையோடு சேர்த்து முக்கியெடுத்திருக்கிறார்கள். திருகித் திருகி அங்கங்கே பூச்சு உரிந்த இடம் வழியாகத்தான் இத்தனை நாள் கரண்ட் போயிருக்கிறது. இவ்வளவு அழகாக ஒரு குழாயைக் கடைந்து, கரண்ட் போகிற ஒரே வழியில் காவி அடித்து வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பூச்சை எடுப்பது லேசில்லை, ஒக்சைட்டு என்பது எமரி பேப்பரில் ஒட்டியிருக்கிற மணலின் ஜாதி. பித்தளை பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன், 3.42 வெறும் 3.47 ஆனது. கோஸ்டிக் சோடாவில் முக்கினால் பூச்சு போகும், ஆனால் அலுமினியத்தையும் தின்றுவிடும், மரை தொளதொளவென்று ஆகிவிடும், அதனால் தொடவில்லை. நகை செய்கிற பத்தர் ஐயாவிடம் மெல்லிய முக்கோண அரம் இரவல் கேட்டேன். அவர் மூடியைக் கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, பள்ளத்தைத் தொடாதீங்க, ரெண்டு சரிவை மட்டும் ஒரே பக்கமாகத் தடவுங்க, போய் வந்து தேய்ச்சா மரை தின்னுரும்” என்றார். அப்படியே செய்தேன். இரண்டு ராத்திரி. 3.66.

அந்த 3.66ல் மயங்கி மூடியை வெறும் மரையோடு இறுக்கித் திருகிவிட்டேன், பிடித்துக்கொண்டது. பூச்சில்லாத அலுமினியமும் அலுமினியமும் காய்ந்தபடி உரசினால் ஒன்றையொன்று கவ்வும். பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகளைச் சுற்றிப் பிடித்து, மச்சான் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் திருகித்தான் வந்தது. இப்போது ஊசி முனையளவு கிரீஸ் தடவுகிறேன். இறுக்கும்போது மேடுகள் கிரீஸைத் தள்ளிவிட்டு உலோகத்தோடு உலோகமாகச் சேரும், அளவு இறங்கவில்லை.

மரையை மட்டும் நம்பக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மூடியின் தோளும் குழாயின் விளிம்பும் தட்டையாக உட்கார்ந்தால் அந்த வட்டம் முழுக்கக் கரண்ட் போகும். கண்ணாடித் துண்டின் மேல் 1000 நம்பர் வோட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டு, விளிம்பை எட்டு போடுகிற மாதிரி தேய்த்தேன். ஓரத்தில் மட்டும் பளபளத்து நடுவில் நிறம் மிஞ்சினால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். வட்டம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்தபோது 3.74. அப்புறம் செம்புத் தகட்டில் வெட்டிய வளையம் ஒன்றை இடையில் வைத்து இறுக்கினேன், அதுதான் நேற்றைய 3.80. பதினெட்டு வொட். ஐந்து இழுப்புக்குப் பிறகும் பட்டன் கைச் சூட்டைத் தாண்டவில்லை.

பெட்டரி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பிழைத்தால் திருத்த வழியில்லை. கொழும்புக் கடைகளில் 18650 பெட்டரிமேல் 9800 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சடித்து விற்கிறார்கள், அந்த அளவில் அவ்வளவு கொள்ளாது. 18350ல் நல்லது என்றாலே 1100 பக்கம்தான். என்னிடம் உள்ளது தொடர்ந்து 10 அம்பியர் தாங்கும். 0.8 ஓமுக்கு 4.2 வோல்ட்டில் 5.25 அம்பியர்தான் போகும், பாதி அளவில் நிற்கிறேன். 0.4 ஓம் போட்டால் 10.5, எல்லை தாண்டியாயிற்று. மெக்கில் தடுக்க யாரும் இல்லை. 2018இல் புளோரிடாவில் ஒருவர் இப்படி ஒரு கருவி வெடித்து இறந்துபோனார். மேல் மூடி ஹைபிரிட் (அட்டோமைசரின் ஊசி நேராகப் பெட்டரியில் தொடுகிற வகை) என்றால் அட்டோமைசரின் நடு ஊசி வெளியே தெளிவாக நீட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தரமும் பாருங்கள். பெட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் அன்றைக்கு அதைப் போடவே வேண்டாம்.

சின்ன பெட்டரிக்கு விலையும் உண்டு. ஒரு ஷிஃப்ட்டுக்கு இரண்டு வேண்டியிருக்கிறது, பெட்டரியை 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மாற்றுப் பெட்டரியை டப்பாவோடு சேர்த்தாலும் செம்பு மெக்கின் எடை வரவில்லை, ஆகவே எனக்குச் சம்மதம்.

அடுத்து வெளிப்பக்கத்துக்குத் தேயிலைத் தூர்க்கட்டையில் ஒரு உறை கடைய ஆசை. பழைய மலையில் செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்தபோது எடுத்துவைத்த கட்டை ஒன்று இரண்டு வருஷமாக அடுப்படி மேல் காய்கிறது, சுழி சுழியாக ரேகை. ஹட்டனில் லேத் வைத்திருக்கிற தம்பி ஒருவன் மரத்தையும் கடைந்து தருகிறேன் என்கிறான். ஆனால் அதற்கு முன் இந்த வளையத்தை முடிக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், லைன் வேலையில் அலுமினியக் கம்பியைச் செம்பு முனையில் நேராக முறுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். அங்கே வெள்ளீயம் பூசிய முனை போடுவோம். அதனால் வளையத்துக்கும் வெள்ளீயம் பூசிப் போட்டு, கொடியில் துணி காயாத இந்த மழை விடுகிற வரைக்கும் வாரம் ஒரு தரம் அளக்கப் போகிறேன். இன்று விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து கேட்டடியில் நின்று, பூசாத வளையத்தோடு அளந்தது 3.79.