லியோண்டின் பிரைஸும் அவர் ஏற்ற பாத்திரங்களும்

நம் ஊரில் ஒரு பாடகிக்கு வயது ஏற ஏற மேல்ஸ்தாயி எட்டாமல் போனால், ஐந்து கட்டையிலிருந்து நான்கரைக்கோ நான்குக்கோ ஸ்ருதியை இறக்கிக்கொள்ள முடியும்; மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகும் ரசிகர்கள் அதை ஒரு குறையாக எண்ணுவதில்லை. ஓபரா என்னும் மேலை இசைநாடகத்தில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. இசையமைப்பாளர் எழுதிவைத்த ஸ்தாயியிலேயே, முழு வாத்தியக் குழுவின் ஒலியையும் மீறி, மைக் இல்லாமல் பாட வேண்டும். ஆகவே எந்தப் பாத்திரத்தை ஏற்பது, எதைக் கைவிடுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளே ஒரு சோப்ரானோவின், அதாவது உச்ச ஸ்தாயிப் பெண் குரல் கொண்ட பாடகியின், மேடை ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அம்முடிவுகளை மிகத் தெளிவாக எடுத்தவர் என்று நான் மதிப்பவர் லியோண்டின் பிரைஸ்.

1927-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், லாரல் என்ற ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார்; தந்தை மர ஆலைத் தொழிலாளி, தாய் மருத்துவச்சி. 1955-இல் என்பிசி தொலைக்காட்சியில் அவர் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஓபரா நாயகி டோஸ்காவாகப் பாடியபோது, தென் மாநிலங்களின் சில நிலையங்கள் அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. 1957-இல் சான் பிரான்சிஸ்கோவில், நோயுற்ற ஒரு பாடகிக்குப் பதிலாக முதன்முறையாக, இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளரான வெர்டியின் ஓபரா நாயகி ஐடாவாக மேடையேறினார். மறு ஆண்டு வியன்னாவிலும், 1960-இல் மிலானின் லா ஸ்காலாவிலும் அதே பாத்திரத்தை ஏற்றார். 1961 ஜனவரி 27 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், ‘இல் த்ரொவாத்தோரே’யின் லியோனோராவாக அறிமுகமானபோது கைத்தட்டல் ஏறத்தாழ 40 நிமிடம் நீடித்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் அந்த வெற்றியைவிட, அதே ஆண்டின் இறுதியில் நேர்ந்த ஒரு பின்னடைவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. புச்சினியின் ‘மேற்கின் பெண்’ ஓபராவில் மின்னி என்ற பாத்திரம், குரலின் நடுப்பகுதியைக் கடுமையாக உழைக்க வைப்பது. அந்த ஓபரா இரண்டாம் முறை மேடையேறிய அன்று, ஓய்வின்றிப் பாடிக் களைத்திருந்த பிரைஸின் குரல் இரண்டாம் அங்கத்தில் அடங்கிப்போனது. மூன்றாம் அங்கத்தை டோரத்தி கிர்ஸ்டன் பாடி முடித்தார். அதன் பின் பிரைஸ் ஓய்வெடுத்துக்கொண்டார், காலப்போக்கில் மின்னியையும் விட்டுவிட்டார். தன் குரலின் ஒளி மேல்ஸ்தாயியில்தான் இருக்கிறது என்பதை அறிந்தவராக, அது நீண்ட வளைவுகளாக விரிய இடம் தரும் வெர்டியின் நாயகிகளையே, ‘எர்னானி’யின் எல்வீராவையும் ‘முகமூடி நடன’த்தின் அமேலியாவையும் ‘விதியின் வலிமை’யின் லியோனோராவையும், தமக்குரியவர்களாக்கிக்கொண்டார். பிறர் நச்சரித்தாலும் பொருந்தாத பாத்திரத்தைத் தொடாதிருப்பது, நம் பாடகர்கள் தம் குரலுக்கு ஒத்துவராத ராகத்தை விரிவாக எடுக்காமல் விடுவதற்கு இணையான ஞானம் என்றே நினைக்கிறேன்.

ஐடா, எகிப்தில் அடிமையாக்கப்பட்ட எத்தியோப்பிய இளவரசி. மூன்றாம் அங்கத்தில் தாய்நாட்டை நினைத்து அவள் பாடும் பாட்டு, நிதானமாக ஏறி மிக உயர்ந்த ஸ்வரத்தைத் தொட வேண்டும். அங்கே குரல் நடுங்கினால் ஒளிக்க இடமில்லை. 1985 ஜனவரி 3 அன்று, 57 வயதில், பிரைஸ் தம் ஓபரா வாழ்வை நிறைவு செய்ய இந்தப் பாத்திரத்தையே தேர்ந்தெடுத்தார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்தப் பதிவில், பாட்டு முடிந்ததும் அரங்கம் நெடுநேரம் ஆர்ப்பரிக்க, அவர் அசையாமல் பாத்திரத்துக்குள்ளேயே நிற்க முயல்வதைக் காணலாம். அதன் பிறகு 1997 வரை தனிக்கச்சேரிகள் மட்டும் செய்தார்.

சென்னையில் ஓபராவை மேடையில் காணும் வாய்ப்பு அரிது. பதிவுகளே நமக்குத் துணை. ஜார்ஜ் ஷோல்டி வாத்தியக் குழுவை நடத்த 1961-இல் பதிவான ஐடாவை முதலில் கேட்டுவிட்டு, 1985-ஆம் ஆண்டுப் பதிவைப் பார்க்கும்படி சொல்வேன். முன்னதில் குரலின் இளமை, பின்னதில் அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் அவர் நிறுத்தி வைக்கும் இடம் என, எனக்குப் பிடித்தது பின்னதே.