எங்கள் மணிக்கூண்டுத் திடல்: டெண்டருக்கு முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்

பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போனதும், ஊர் நடுவில் மணிக்கூண்டை ஒட்டியிருந்த பழைய நிலையத்து இடத்தைப் பொதுத் திடலாக மாற்றப் போவதாக எங்கள் நகராட்சி அறிவித்தது. இன்று அந்தத் திடலில் மாலை ஐந்து மணிக்கு மேல் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஆனால் முதலில் போட்ட படத்தின்படி கட்டியிருந்தால் அங்கே ஒரு மரமும் மிஞ்சியிருக்காது, ஒரு பூக்காரரும் மிஞ்சியிருக்க மாட்டார். அதை மாற்ற நாங்கள் பட்ட பாட்டை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு விஷயம் தெரிந்ததே டெண்டர் அறிவிப்பைப் பார்த்துத்தான். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் ஆவணங்களைக் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்; வேலைப் பட்டியல் அதில் இருக்கும். எங்கள் பட்டியலில் கிரானைட் தளம், நீரூற்று, ஊர்ப் பெயரை ஒளிரவிடும் பெரிய எழுத்துகள், சுற்றிலும் கம்பி வேலி, பூட்டுவதற்குக் கதவுகள், இருசக்கர வாகன நிறுத்தம் எல்லாம் இருந்தன. கழிப்பறை இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை. மழைநீர் வடிகால் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிற இடத்தில் ஒரு பெண் ஒதுங்க வழியில்லாமல் நீரூற்று எதற்கு என்று அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வரைபடம் மட்டும் இணைக்கப்படவில்லை. அதைக் கேட்டு நகராட்சிக்குப் போனோம். பொறியியல் பிரிவு எழுத்தர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கட்டி முடித்ததும் வந்து பாருங்கள்" என்றார். எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்த ஊரிலேயே பிறந்து எழுபது வயதைக் கடந்தவர். அவர் முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். மனுவைக் கொடுத்தால், "வைத்துவிட்டுப் போங்கள், முத்திரையெல்லாம் போட முடியாது" என்றார்கள்.

முதல் எச்சரிக்கை இங்கேதான். மனுவைப் பொறியியல் பிரிவிலோ கவுன்சிலர் கையிலோ கொடுக்காதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஆணையர் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் "யாருமே ஆட்சேபம் தெரிவிக்கவில்லை" என்று கோப்பில் எழுதியிருந்தபோது எங்களைக் காப்பாற்றியது அந்தத் தபால் ரசீதுதான்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டோம். எதற்காகத் தகவல் கேட்கிறீர்கள் என்று கேட்க அலுவலருக்கு உரிமை இல்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. இருந்தும் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. 30 நாள் கெடுவை அப்படியே ஓட்டிவிட்டு, "கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. மேல்முறையீடு செய்தோம். அதில் எங்கள் வழக்கறிஞர் நண்பர் சொன்னபடி கோரிக்கையைத் திருத்தினோம்: நகல் கேட்பதற்குப் பதிலாகக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்டோம். சட்டத்தின் 2(j) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நகல் கேட்டால் அவர்களுக்கு விருப்பமான தாளைத்தான் தருவார்கள். கோப்பைக் கையில் வாங்கினால் எல்லாத் தாளும் கண்ணில் படும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

வரைபடத்தைப் பார்த்தபோது எங்களோடு வந்த கட்டடக்கலை மாணவி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதில் மரங்களே இல்லை. திடலில் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்களும், வேம்பும் புங்கையுமாக ஒரு வரிசையும் நிற்கின்றன. படத்தில் அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. பெரிய தூங்குமூஞ்சி நிற்கும் இடத்தில் நீரூற்று. இடத்துக்கு யாரும் வராமலே வரைந்த படம் அது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கோப்பில் அதற்கான விண்ணப்பமே இல்லை. படத்தில் மரம் இல்லாததால் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் எழவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திடலின் கிழக்கு ஓரத்து நீளத் துண்டு நகராட்சியின் இடமே இல்லை. சாலைக்கான இடம், வேறொரு துறையின் பொறுப்பில் இருக்கிறது. அந்தத் துறையின் தடையின்மைச் சான்று கோப்பில் இல்லை. இதைத் தேதி, பக்க எண்ணோடு எழுதி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பினோம். வேலை ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

அந்த நேரத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை, திடலை எண்ணியது. டென்மார்க்கின் யான் கெல் என்ற கட்டடக்கலை வல்லுநர் கோபன்ஹேகன் தெருக்களில் நடப்பவர்களையும் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணித்தான் ஆய்வு செய்தார் என்று அந்த மாணவி சொன்னார். நாங்களும் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை முறைவைத்து உட்கார்ந்து குறித்தோம். விடியற்காலையில் கொத்தனாரும் சித்தாளும் வேலைக்கு ஆள் பிடிக்க வருபவருக்காகக் காத்து நிற்கும் இடம் அது. பத்து மணிக்கு மேல் அரசு மருத்துவமனைக்கு வந்தவர்கள் வேப்ப மர நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். நான்கு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், பூக்கடைகள், சுண்டல் வண்டிகள். எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்றும் வரைந்து வைத்தோம். கிரானைட் போட இருந்த நடுப்பகுதியில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை துளி நிழல் இல்லை. சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது.

எங்களை முதலில் எதிர்த்தவர்கள் தெற்குத் தெருக் கடைக்காரர்கள். அவர்களுக்கு வாகன நிறுத்தம் வேண்டும். அவர்களோடு எத்தனை விவாதித்தும் நகரவில்லை. கடைசியில் தள மட்டத்தைக் காட்டினோம்: திடலை உயர்த்திவிட்டு வடிகால் இல்லாமல் விட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் முழுவதும் அவர்கள் கடைக்குள்தான் போகும். அடுத்த மனுவில் முதல் கையெழுத்து வணிகர் சங்கத் தலைவருடையது.

சாலையோர வியாபாரிகள் விஷயத்தில்தான் பெரிய அநியாயம் நடந்தது. 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. "கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, திடலில் இருப்பவர்கள் ஒன்பது பேர்தான்" என்றார் ஓர் அலுவலர். நாங்கள் பட்டியலைப் பார்த்தோம். பூ விற்கும் பெண்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. காரணத்தைப் பல வருடமாக அங்கே கடை போடும் ஓர் அக்காதான் சொன்னார்: "காலையில் வந்து எண்ணினால் நாங்கள் எப்படித் தம்பி இருப்போம்? மதியம் பூ வந்து, கட்டி முடித்து, நாலு மணிக்குத்தானே கடையே போடுகிறோம்."

சென்னை பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2019-இல் அதே சாலையில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதை முன்மாதிரியாகக் காட்டி, பூக்கடைகளை நகராட்சி வணிக வளாகத்தின் முதல் மாடிக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை எங்கள் ஊரிலும் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு முழம் வாங்குகிறவர் மாடிப்படி ஏற மாட்டார். சாலையோர வியாபாரம் பற்றி முடிவெடுக்க அதே சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது சட்டம். எங்கள் ஊரில் அந்தக் குழு காகிதத்தில் இருந்தது, கூடியதே இல்லை. கூட்டச் சொல்லி மனு, நினைவூட்டல், மறுபடியும் மனு. கடைசியில் மாலை நேரத்தில் மறு கணக்கெடுப்பு நடந்தது. அந்த அக்கா பெயர் பட்டியலில் ஏறிய அன்று எங்கள் எல்லோருக்கும் மல்லிகைப் பூ கொடுத்தார், காசு வாங்கவில்லை.

நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூடிய பகுதி சபாவில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், எங்கள் மாற்றுத் திட்டத்தை வைத்தோம். நன்றாகத்தான் போனது, எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு பார்த்தால் கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் தெருவிளக்குக் கோரிக்கை மட்டும் இருக்கிறது, திடல் இல்லை. வருகைப் பதிவில் போட்ட கையெழுத்தைத் தீர்மானத்துக்கான கையெழுத்து என்று நம்பிவிட வேண்டாம். தீர்மானத்தை எழுதச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். எங்களிடம் கூட்டத்தின் காணொளி இருந்ததால் அடுத்த கூட்டத்தில் திருத்தம் சேர்க்க வைத்தோம்.

கிழக்குத் துண்டுக்கான தடையின்மைச் சான்று, எங்களுக்கு நேரம் வாங்கிக்கொடுத்த அதே காகிதம், அடுத்ததாக எங்கள் கழுத்தைப் பிடித்தது. திருத்திய திட்டத்துக்கும் அது வேண்டும். மாவட்டத் தலைநகரிலுள்ள அலுவலகத்துக்கு நகராட்சிப் பணியாளரோடு நாங்களும் போனோம். அதிகாரி முகாமில் இருந்தார். இன்னொரு நாள் போனால், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலில் உட்பிரிவு எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உட்பிரிவு எண் வாங்க நில அளவைப் பிரிவுக்குப் போனால், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஒரு முழு வேனில் காலம் இதிலேயே போனது. ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் பழைய எல்லைக் கல்லைத் தேடி மணிக்கூண்டின் பின்னால் மண்ணுக்குள் புதைந்திருந்ததைக் காட்டினார். அளந்து, கையெழுத்தாகி, சான்று வந்தது. எந்த இடத்துக்குப் போகும் முன்பும் தொலைபேசியில் அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள். நகலில் உட்பிரிவு எண், அலுவலக முத்திரை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டும் முன் சரிபாருங்கள்.

நகர்மன்றத் தீர்மானம், திருத்திய மதிப்பீடு, புது டெண்டர் எல்லாம் அதிகத் தொல்லையில்லாமல் நடந்தன. புதிதாக வந்த ஆணையர் நிழல் விழும் இடங்களை நாங்கள் வரைந்த படத்தை மேசையில் விரித்து ஒரு மணி நேரம் கேட்டார். அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

கட்டும்போது தினமும் ஒருவராவது போய் நில்லுங்கள். எங்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வேப்ப மரத்தின் தூர் வரைக்கும் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றி 1 மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று டில்லி வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் பிறப்பித்த உத்தரவை எடுத்துக்காட்டி அவற்றைப் பெயர்க்க வைத்தோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். கட்டியது அதில் பாதிகூட இல்லை. எங்கள் குழுவிலிருக்கும் மாற்றுத்திறனாளி நண்பர் உதவிப் பொறியாளர் முன்னிலையில் ஏறிப் பார்த்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகி இறுதிப் பில் போவதற்கு முன் இதைச் செய்ததால்தான் இடித்துக் கட்டினார்கள். பில் போன பிறகு கேட்டிருந்தால் நிதி இல்லை என்ற பதில்தான் வந்திருக்கும்.

இப்போது இரண்டு தூங்குமூஞ்சிகளைச் சுற்றியும் வட்டத் திண்ணை இருக்கிறது. பூக்கடைகளுக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேலி மூன்று பக்கம் நீங்கிவிட்டது, வடக்கில் மட்டும் நிற்கிறது. சித்தாள்கள் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். முன்பு நின்றுகொண்டே இருப்பார்கள்.

பெண்கள் கழிப்பறைதான் இன்னும் சரியாகவில்லை. இரவு ஏழு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், பூக்கடைகளோ ஒன்பது மணி வரை இருக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் மாதம் முடிகிறது. புதிய ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் இரவு பத்து மணி என்ற நேரம் எழுதப்பட வேண்டும் என்று தபால் பிரிவில் மனு கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். வரைவு நிபந்தனைகளைப் பார்வையிடக் கேட்டிருக்கிறோம். அனுமதி வந்ததும் அந்தப் பூக்கார அக்காவையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.