ஏடிவியில் பனி ஒதுக்கும் பிளேடு: பனி விழும் முன்பே பார்க்க வேண்டியவை

ஏடிவிக்கு (கரடுமுரடான தரையிலும் ஓடும் நாலு சக்கரத் திறந்த வண்டி) பனி ஒதுக்கும் பிளேடு வாங்கும்போது பலரும் பார்ப்பது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அகலத்தை மட்டும்தான். பனியை ஒரு பக்கமாக ஒதுக்க பிளேடைத் திருப்பினாலோ அந்த அகலம் குறைந்துவிடும். 50 அங்குல பிளேடை 30 டிகிரி திருப்பினால் அது வழிக்கும் பாதை சுமார் 43 அங்குலம்தான். 60 அங்குலம் என்றால் 52. பெரிய ஏடிவிகளின் வெளி அகலம் 48 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதில் 50 அங்குல பிளேடைப் பூட்டினால் டயர் ஒதுக்காத பனியை மிதித்துக்கொண்டே போகும். மிதிபட்ட பனி இறுகிவிட்டால் அடுத்த சுற்றில் பிளேடுக்கு அசையாது. டயரின் வெளி ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப்பால் அளந்து, அதை 0.87-ஆல் (30 டிகிரி திருப்பினால் மிஞ்சும் அகலத்தின் பங்கு) வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை விடக் குறைந்த பிளேடு வேண்டாம்.

பிளேடைத் தாங்கும் அடிப்பக்கத் தகட்டை வண்டியின் இரும்புச் சட்டத்தில்தான் யு-போல்ட்டால் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியின் மேல் வைத்து இறுக்கினால் சில நாளில் தளர்ந்துவிடும். நான்கு நட்டையும் முதலில் கையால் ஏற்றி, தகடு நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஸ்பேனர் வைத்தாக வேண்டும், இதைத் தவிர்க்காதீர்கள். பிளேடை முழுக்கத் தூக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரோ பிரேக் குழாயோ எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது வின்ச்தான், அதாவது மோட்டாரால் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி. வண்டியை இழுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. இங்கே ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை பிளேடைத் தூக்கி இறக்குகிறது, அதுவும் கயிற்றின் அதே இரண்டடி நீளத்தில். இரும்புக் கயிறு வளையும் இடத்தில் இழை இழையாகப் பிரியும், செயற்கை நூல் கயிறு உருளையில் தேய்ந்து அறும். பனிக்காலம் முழுக்க நீளக் கயிற்றைக் கழற்றிவிட்டு, குட்டையான பட்டை நாடாவைப் போடுவதே நல்லது. பிளேடு உச்சிக்கு வந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் நாடா அறும், இல்லாவிட்டால் வின்ச் பூட்டிய தகடு வளையும். இறக்கும்போது அளவுக்கு மீறி விட்டால் உருளையில் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும்; பிறகு ‘இறக்கு’ அழுத்தினால் பிளேடு ஏறும். அதற்காக விறைப்பாகவும் வைக்கக் கூடாது. கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் பிளேடு மேடு பள்ளத்தோடு இணைந்து போகும்.

ஐடிலில் நிற்கும் இன்ஜின் தரும் மின்சாரம் வின்ச்சுக்குப் போதாது. மீதியைப் பேட்டரிதான் கொடுக்கிறது. குறுகிய இடத்தில் அடிக்கடி தூக்கி இறக்கினால் அரை மணியில் பேட்டரி சோர்ந்துவிடும். இரவில் மெயின்டெய்னர் சார்ஜரில் (பேட்டரியை மெதுவாக நிரப்பி, நிறைவாகவே வைத்திருக்கும் சார்ஜர்) போட்டு வையுங்கள்.

ஜல்லிப் பாதை என்றால் பிளேடின் அடி விளிம்பு தரையிலிருந்து அரை முதல் ஒரு அங்குலம் உயரத்தில் நிற்கும்படி சறுக்குக் கால்களை (பிளேடின் அடியில் தரையில் சறுக்கிப் போகும், உயரம் மாற்றக்கூடிய தாங்கிகள்) அமையுங்கள். இல்லையென்றால் பனியோடு ஜல்லியும் புல்வெளிக்குப் போய்ச் சேரும். தார், கான்கிரீட் தரைக்குக் கால்களை உயர்த்திவிட்டு விளிம்புப் பட்டையே தரையைத் தொடும்படி விடலாம். எதிலாவது மோதினால் பிளேடு மடங்கி மீள ஒரு ஸ்பிரிங் இருக்கும்; சாதாரண பனிக்கே பிளேடு மடங்கினால் அது தளர்ந்திருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினாலோ, கல்லில் மோதும்போது பிளேடு மடங்காமல் சட்டம் வளையும்.

எப்போதும் லோ கியர், நாலு சக்கர இழுவை. ஹை கியரில் தள்ளினால் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். பின் டயர்களுக்குச் சங்கிலி போட்டால் பிடிப்பு வெகுவாகக் கூடும்.

10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்ந்ததுமே ஒதுக்கத் தொடங்குங்கள். முதல் பனியையே பாதை ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்; ஓரத்தில் உறைந்த குவியலை ஏடிவியால் பிறகு நகர்த்த முடியாது, ஒவ்வொரு பனிக்கும் பாதை குறுகிக்கொண்டே வரும்.